முந்தைய விமானம், கூடுதல் கட்டணம் இல்லை

கம்பெனியின் ஊழியர் பதிவேட்டில் நாற்பத்தோராம் எண்ணுக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: "எஸ். அலெக்சாண்டர். முன்பதிவு எழுத்தர். மணமானவர். மனைவி உடன் வசிக்கிறார்."

பெயர் சரி. வேலை சரி. மணமானதும் சரிதான். அதற்குத் திருச்சிப் பாலக்கரை மாதா கோயிலில் சாட்சிக் கையெழுத்தெல்லாம் இருக்கிறது. கடைசி வாக்கியத்தில்தான் கொஞ்சம் சிக்கல். மனைவி ரோசம்மா திருச்சியில் இருந்தார். அலெக்சாண்டர் சிங்கப்பூரில், கெர்பாவ் சாலையில் ஒரு மாடி அறையில் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே வங்காள விரிகுடா கிடந்தது. இதை 'உடன்' என்று சொல்வதானால் நிலப்படத்தை நன்றாக மடித்து வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பதிவேடு என்றால் பதிவேடு. ஒவ்வோர் ஆண்டும் கம்பெனி விருந்துக்கு 'திரு, திருமதி அலெக்சாண்டர்' என்று அழைப்பு வரும். மேசையில் இரண்டு பெயர் அட்டைகள் இருக்கும். அலெக்சாண்டர் சரியான நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, திருமதி அலெக்சாண்டரின் நாற்காலியில் தன் குடையை வைப்பார். பரிமாறுகிறவர் குடைக்கும் ஒரு கிண்ணம் சூப் வைத்துவிட்டுப் போவார்.

அந்தப் பதிவை யாரும் தவறுதலாக எழுதவில்லை. 1962 மார்ச்சில் அலெக்சாண்டரே தன் கையால் எழுதிக்கொடுத்தது. அன்றைக்கு அது பொய்யும் அல்ல, கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்ட உண்மை. முந்திக்கொள்வதுதான் அவர் பிழைப்பு.

அவர் வேலை பார்த்த விமானக் கம்பெனி சிங்கப்பூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் சென்னைக்கு ஒரு விமானம் விட்டது. புதனும் சனியும் அது திரும்பி வரும். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருந்த டிக்கெட் ஆபீசில், தமிழர்கள் நேராக வந்து நிற்பது அலெக்சாண்டரின் மேசைக்கு முன்னால்தான். நின்று கேட்பதும் பெரும்பாலும் ஒன்றையேதான்: "தம்பி, முன்னாடி போற பிளேனுக்கு மாத்தித் தர முடியுமா?"

முடியும். கம்பெனியின் பதினான்காம் விதி அதற்காகவே இருந்தது. முந்தைய விமானத்தில் அதே வகுப்பில் இடம் காலியிருந்தால் பயணி கூடுதல் கட்டணம் இல்லாமல் மாறிக்கொள்ளலாம். பயணியோ டிக்கெட் வாங்கியவரோ நேரில் வந்து கேட்க வேண்டும். முதல் நாள் நண்பகலில் பட்டியலை மூடுவதற்குள் கேட்க வேண்டும். பழைய இடத்தை அந்த நிமிஷமே விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு விமானத்திலும் ஒவ்வொரு காலை வைத்து நிற்கக் கூடாது. அலெக்சாண்டர் இதை ஜெபம் போல ஒப்பிப்பார். பிறகு பட்டியலில் ஒரு பெயரை ரப்பரால் அழித்து, இன்னொரு பட்டியலில் பென்சிலால் எழுதி, டிக்கெட்டின் மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி, முத்திரை குத்துவார். பதின்மூன்று வருஷத்தில் எத்தனையோ பேரை முன்கூட்டி அனுப்பியிருக்கிறார். அவர் மட்டும் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. வந்தது கப்பலில். கல்யாணத்துக்குப் போனதும் திரும்பியதும் கப்பலில். உலகத்தை வளைத்த அரசனின் பெயரை வைத்துக்கொண்டு அவர் வளைத்தது மூன்றடி மேசையை.

எல்லோரும் ஏன் முந்தைய விமானத்துக்கே ஆசைப்பட்டார்கள் என்பது கம்பெனியின் வெள்ளைக்கார மேலாளருக்குப் புரியவே இல்லை. வெள்ளிக்கிழமை விமானத்தின் காலை உணவு சரியில்லையோ என்று சந்தேகப்பட்டு இரண்டு தடவை முட்டையை மாற்றிப் பார்த்தார். விஷயம் முட்டையில் இல்லை. வெள்ளிக்கிழமை விமானம் கிளம்புவது பதினொரு மணி. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். திரும்பி வரும் சனிக்கிழமை விமானம் சென்னையில் கிளம்புவது ஒன்பதரை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அட்டவணை போட்டவர் ராகுவோடு உட்கார்ந்து கலந்து பேசித்தான் போட்டிருக்க வேண்டும்.

வேதக்காரரான அலெக்சாண்டருக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. ஆனாலும் மேசை இழுப்பறையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில், ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்தார். அது தொழில் கருவி. முந்தைய விமானத்தில் இடம் இருந்தால் பேசாமல் மாற்றிக் கொடுப்பார். இடம் இல்லையென்றால் வேறொரு மருந்து கைவசம் இருந்தது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை பதினொன்னுன்னா அது இங்கத்த டைம். மெட்ராஸ்ல அப்ப மணி ஒன்பதுதான். பஞ்சாங்கம் போட்டது அங்கதானே? ராகு காலம் பொறக்கவே இல்ல."

சென்னையில் ஏறுகிறவர்களுக்கு இதையே திருப்பிப் போடுவார். அங்கே சனிக்கிழமை ஒன்பதரை என்றால் இங்கே பதினொன்றரை. சிங்கப்பூர்க்காரர்களுக்கு ராகு காலம் எப்போதோ கழிந்துவிட்டது. ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பதை இடம் காலியா இல்லையா என்பதை வைத்து அலெக்சாண்டர் முடிவு செய்தார். ஜனங்கள் நிம்மதியாகப் போனார்கள். எந்த விமானமும் விழவில்லை.

அந்த மார்ச்சில்தான் ரோசம்மாவுக்கு நுழைவு அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்குச் செல்லும். உடனே கிளம்ப முடியவில்லை. கண் தெரியாத தகப்பனாரை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலையில் தகப்பனார் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அலெக்சாண்டர் செப்டம்பர் ஐந்தாம் தேதி, புதன்கிழமை விமானத்தில் மனைவிக்கு இடம் போட்டார். பட்டியலில் இருபத்தேழாவது பெயர். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பக்கத்தை ஏதோ காரணம் சொல்லித் திறந்து பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துச் சேதுபதி வந்தார். சிராங்கூன் சாலையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி சிவகாமசுந்தரி ஊருக்குப் போயிருந்தார். திரும்ப இடம் போட்டிருந்தது எட்டாம் தேதி, சனிக்கிழமை. புதனுக்கு மாற்ற வேண்டும். புதனில் இடம் இல்லை. சிங்கப்பூர் டைம் மருந்தைக் கொடுக்க அலெக்சாண்டர் வாயைத் திறந்தார். சேதுபதியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பட்டியலைப் புரட்டினார். இருபத்தேழாவது பெயரை அழித்துவிட்டு சிவகாமசுந்தரி என்று எழுதினார். ரோசம்மாவைச் சனிக்கிழமையில் சேர்த்தார்.

"யாரோட இடம் தம்பி அது? பாவம் யாராச்சும் கஷ்டப்படப் போறாங்க."

"நம்ம வீட்டுதுதான் அண்ணே. எங்களுக்கு இந்த ராகு காலமெல்லாம் கிடையாது. என்னைக்கு வந்தா என்ன?"

பரலோகத்துக்குக் கணக்கு வைக்கிறவர்கள் இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் மூன்று, திங்கட்கிழமை காலை. பாய லேபார் விமான நிலையத்தில் காட்டுவதற்காக அனுமதிக் கடிதத்தை எடுத்து மடிப்பை நீவிவிட்டபோதுதான் அலெக்சாண்டர் தேதியைப் பார்த்தார். கடிதம் அவர் கைக்கு வந்தது மார்ச் பத்தொன்பது. அன்றிலிருந்து ஆறு மாதம் எண்ணியிருந்தார். கையெழுத்தாகியிருந்தது மார்ச் எட்டு. கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஊரார் டிக்கெட்டில் ஒரு நாள் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர், தன் கடிதத்தில் பதினோரு நாளைத் தவறவிட்டிருந்தார்.

மதியம் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடிப்போய் விசாரித்தார். புது விண்ணப்பம் போடலாம், ஆனால் இந்த வாரத்துக்குள் ஒன்றும் ஆகாது என்றார்கள். புதன்கிழமை விமானம் ஒன்றுதான் வழி. அதில் ஓர் இடமும் இல்லை. அதை நிரப்பி வைத்தவரே அவர்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் வரியில் ரோசம்மாவின் பெயரை எழுதினார். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும்.

பக்கத்து மேசை அப்துல் காதர் எட்டிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் சீட்டு மாத்திக் குடுக்குற ஆளு, உன் பொண்டாட்டிக்கு இல்லியா? நல்லா இருக்குலா கதை."

"கிண்டல் பண்ணாதப்பா. இப்ப என்ன செய்ய?"

"என்ன செய்யவா? நேரா சேதுபதி அண்ணன் கடைக்குப் போ. உள்ளதைச் சொல்லிக் கேளு."

"கொடுத்ததை எப்படிப்பா திருப்பிக் கேக்குறது? ராகு காலத்துல உங்க சம்சாரத்தை ஏத்திவிடுங்கன்னு எந்த வாயால சொல்ல?"

"அப்ப கேக்காத. உன் பாட்டைப் பாடு. சிங்கப்பூர் டைம் பாட்டு! வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடுறியே, உனக்காக ஒரு தடவை பாடினா தொண்டை கட்டிக்குமா?"

தொண்டை கட்டாது என்றுதான் அலெக்சாண்டரும் நினைத்தார். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது.

கடையில் சேதுபதி ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அட, வாங்க தம்பி! நாளைக்கு உங்களைத்தான் பாக்க வரணும்னு இருந்தேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வீட்டுல கடுதாசி போட்டிருக்காங்க. தங்கச்சி மகளுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பாம். இருந்துட்டு சனிக்கிழமையே வாறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க மெனக்கெட்டு மாத்திக் குடுத்தீங்க. இப்ப திருப்பி மாத்துங்கன்னா நல்லாவா இருக்கு?"

"மாத்தலாம் அண்ணே." குரல் தன்னுடையதுதானா என்று அலெக்சாண்டருக்கே சந்தேகமாக இருந்தது.

"மாத்தலாம், சரி. அந்த ராகு காலம்தான் மனசுல உறுத்துது. செம்பவாங் டாக்யார்டுல வேலை பாக்குற பையன் ஒருத்தன் சொன்னான், சிங்கப்பூர் டைம் பாத்தா அது கழிஞ்சுபோயிடும்னு. மெய்யா தம்பி? எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நீங்க சொன்னா சரி. இப்பவே தந்தி அடிச்சிடுறேன்."

பையனுக்கு அதைச் சொன்னதே அலெக்சாண்டர்தான். அது ஊரைச் சுற்றிவிட்டு அவருக்கு வேண்டிய நாளில், வேண்டிய கடையில், வேண்டியவர் வாயில் வந்து நின்றது. இனி அவர் பாடக்கூட வேண்டாம்; 'ஆமாம்' என்றால் போதும். எதிரே இருந்தவர் மறுத்துப் பேசியிருந்தால் சொல்லியிருப்பார். சேதுபதியோ துணியை மடியில் போட்டுவிட்டு, டாக்டர் வாயைப் பார்ப்பதுபோல அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எத்தனையோ பேரைச் சனிக்கிழமை விமானத்தில் ஏற்றியாயிற்று. அதில் ஒன்றும் அவருக்கு லாபமில்லை, அதனால் பயமும் இல்லை. இந்த ஒரு சனிக்கிழமை அவருக்கு வேண்டியிருந்தது. அது வேண்டியிருந்த அந்தக் கணத்தில், ராகுவை நம்பாத மனிதருக்கு ராகுவிடம் பயம் வந்துவிட்டது.

"இல்லண்ணே," என்றார். "எந்த ஊர்ல ஏறுறமோ அந்த ஊர் டைம்தான். சனிக்கிழமை ஒன்பதரை ராகு காலம்தான். புதன்கிழமையே வரட்டும்."

"அப்படிச் சொல்லுங்க! வயித்துல பால வாத்தீங்க. வளைகாப்பு கிடக்குது, புள்ள பொறந்து பாத்துக்கலாம்." சேதுபதி மறுபடி விளக்கைத் துடைக்கத் தொடங்கினார். "ஆமா, உங்க வீட்டம்மா என்னைக்கு வாறாங்க?"

"சனிக்கிழமை."

"அய்யய்யோ, ராகு காலம்லா!"

"நாங்க அதெல்லாம் பாக்குறதில்லண்ணே."

"குடுத்து வச்சவங்க தம்பி நீங்க." வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒரு ஜோடி டம்ளரைத் தாளில் சுற்றிக் கையில் திணித்தார். "புதுக் குடித்தனம்! முதல் காப்பி இதுல குடிங்க."

மறுநாள் நண்பகலில் பட்டியலை மூடிய கையோடு அலெக்சாண்டர் பாலக்கரைக்குத் தந்தி கொடுத்தார்: கிளம்ப வேண்டாம், கடிதம் வருகிறது. கடிதத்தில் ராகுவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தேதி பிசகியதை மட்டும் எழுதினார். புது விண்ணப்பம் போட்டார். அதற்கு ஆறு மாதம் ஓடியது. அதற்குள் ரோசம்மா கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் பரீட்சை முடியட்டும், வருகிறேன் என்று எழுதினார். பரீட்சை வருஷா வருஷம் வந்தது. 1969 வரை கடிதங்களும் ஒழுங்காக வந்தன; பிறகு நின்றுபோயின. இரண்டு டம்ளரில் ஒன்றில் அலெக்சாண்டர் காப்பி குடித்தார். மற்றதில் பென்சில்களைப் போட்டு வைத்தார். பதிவேட்டைத் திருத்தச் சொல்லி அவர் எழுதிக்கொடுக்கவில்லை. சிங்கப்பூர் டைம் மருந்தை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. இடம் இல்லையென்றால் இல்லை என்று சொன்னார். மரியாதை போய்விட்டது ஆளுக்கு என்று சிராங்கூன் சாலையில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் செப்டம்பரில், செவ்வாய்க்கிழமை நண்பகல் வரை யாரும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. புதன்கிழமை, பட்டியலின் இருபத்தேழாவது பெயரான சிவகாமசுந்தரியோடு சென்னையிலிருந்து விமானம் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அலெக்சாண்டர் ரப்பரை எடுத்து, காத்திருப்போர் பட்டியலின் முதல் வரியில் இருந்த தன் மனைவியின் பெயரை அழித்தார்.