கோயில் வாசலில் ஒரு மூக்கு

என் அக்காள் கணவரைக் கண்டால் சபையில் எல்லாருக்கும் பயம். அறுபதுகளின் தொடக்கத்தில், தாராவியில் எங்கள் திருநெல்வேலிச் சனம் கூடி வந்த சிறிய கிறிஸ்தவக் கோயிலுக்கு அவர்தான் செயலாளர். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. தாராவியிலோ கள்ளச் சாராயத்துக்குக் குறைவில்லை. அதனால் மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நாளில் அத்தான் வாசலில் நின்று, உள்ளே வரும் ஆண்களை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார். போதகர் தடுத்ததில்லை, அவருக்கும் பயம்தான். தேவன் தமக்கு நித்திய ஜீவனோடு ஒரு மூக்கையும் விசேஷமாக அருளியிருப்பதாக அத்தான் நம்பினார்.

அந்த மூக்கிடம் அதிகம் மாட்டியவர் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர். சம்பளத்தன்று குடிப்பார்; மற்ற நாளில் கிடையாது. ஆனால் தோல் நாற்றம் குளித்தாலும் போகாது. குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், "போம் வே, அடுத்த மாசம் பாப்போம்" என்பார் அத்தான். அந்த மனிதர் வெளியே படியில் உட்கார்ந்து, உள்ளே பாடும் பாட்டெல்லாம் கூடவே பாடிவிட்டு வீட்டுக்குப் போவார். பெரிய கடைக்காரர் ஒருவரோ கிராம்பை மென்றுகொண்டு வருவார். கிராம்புக்கு அடியில் இருப்பது என்ன என்று தெருவுக்கே தெரியும். அங்கே மட்டும் அத்தானின் மூக்கு பக்தியோடு ஓய்வெடுத்தது.

ஒரு மழைக்காலத்தில் அத்தானுக்கு மூக்கடைப்பு. ஒன்றும் தெரியவில்லை. திருவிருந்து மேசை தீட்டுப்பட்டுவிடுமே என்று என்னை இழுத்து வாசலில் நிறுத்தினார்.

"மாப்ள, நீ மோந்து பாரு. நாத்தம் அடிச்சா எங்கிட்டச் சொல்லு."

மூக்குப்பொடி, வெற்றிலை, சொத்தைப் பல், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. தோல் கூடத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பசி வாடை மட்டும்தான். கடைக்காரர் உட்பட எல்லாரையும் உள்ளே விட்டேன்.

"எவன் வாயில அடிச்சுது?" என்றார் அத்தான்.

"எல்லார் வாயிலயும் ஏதோ ஒண்ணு அடிக்கத்தான் செய்யுது. இனி உங்களதுதான் பாக்கி அத்தான். ஊதுங்க."

அறைவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், மூடினார், உள்ளே போனார். இடம் இருந்தது தோல் கூடத்துக்காரருக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே முழங்காலிட்டார். அந்த மனிதர் அப்பத்தை உள்ளங்கையில் வாங்கினார். வாயில் போடாமல் அதையே பார்த்து அழுதுகொண்டிருந்தார். அத்தான் ஜெபிக்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாப்பிடும்போது அக்காளிடம் கேட்டார். "அந்த ஆளு எத்தன தடவ வெளிய உக்காந்திருப்பான்?"

"நீங்கதான வெளிய வச்சிய. எங்கிட்டக் கேட்டா?" என்றாள் அக்காள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதன்பின் அவர் யாரையும் ஊதச் சொல்லவில்லை. மறு வாரமே தோல் கூடத்துக்காரரின் வீட்டுக்குப் போய், மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசி, டீ குடித்துவிட்டு வந்தார். மற்றபடி சாதுவாகிவிடவில்லை. சபைக் கூட்டங்களில் கடைசிவரை பிறர் பேச்சை வெட்டித்தான் பேசினார். நான் அவரை மெச்சியதில்லை. ஆனால் அந்த டீயை அவர் குடித்தார். எங்கள் சபையில் வேறு எந்தப் பெரிய மனிதரும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.