ஐயா கட்டிய மாடியும் கொடியிறங்கக் காத்திருந்த வழக்கும்

எங்கள் ஐயா மட்டுவிலில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் நேரத்தோடு கண்மூடியதால் பள்ளிக்கூடத்தை விட்டுச் சாந்து குழைக்கப் போனார். பிறகு மேசன் ஆனார். அதன் பிறகு கொந்தராத்து எடுத்து வீடுகள் கட்டினார். அம்மாவைக் கைப்பிடித்து எங்களைப் பெற்று வளர்த்தார். செத்தவருக்காக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களில் இப்படித்தான் எழுதுவார்கள், நானும் எழுதிவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இனி அழகாக எழுத வராது, நடந்ததை எழுதுகிறேன்.

மாடி வேலையில் ஐயாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொங்கிறீற்றுத் தட்டு இறுகி, கீழே கொடுத்த முட்டுகளைக் கழற்றும் நாளில், வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தானே முதலில் அதன் கீழே போய் நிற்பார். "விழுந்தால் போட்டவன்ரை தலையிலை விழட்டும்" என்பார். எந்தத் தட்டும் விழவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் கடை எரிந்து ஊருக்கு வந்த ஒரு வியாபாரி, சாவகச்சேரியில் மாடிக்கடை கட்டித் தரும்படி ஐயாவைக் கேட்டார். அவர் கையில் காசு குறைவு. அதனால் எங்கள் பகுதி நெல் மில்காரர் அவருக்குப் பிணை நின்றார். வேலை முடிந்து வியாபாரி காசு தராவிட்டால் தான் தருவதாக நொத்தாரிசுக்கு முன்னால் கையொப்பம் வைத்தார். ஐயா கட்டி முடித்தார். வியாபாரி கட்டடத்தை மில்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார். ஐயா மில்காரரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன். இருக்கச் சொல்லி ஒரு கதிரைகூடக் காட்டவில்லை.

"தட்டிலை வெடிப்பு, மேசன். உந்த வேலைக்கு ஆர் காசு தருவான்?"

"எங்கை வெடிப்பு? வாங்கோ, ஏறிப் பாப்பம்."

"நான் ஏன் ஏறிச் சாகவேணும்?"

வழக்குப் போட்டோம். மேல் தட்டு வெடித்துப்போய் ஆள் பாரமே தாங்காது என்று மில்காரர் கோட்டில் சத்தியம் செய்தார். எஞ்சினியர் என்று தன் மருமகனையும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் படித்த பிள்ளை ஒருநாளும் மாடிப்படி ஏறியதில்லை, ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். நீதிபதி அவரை நம்பினார். வேலை பிழை, ஆகவே பிணை நின்றவர் காசு கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து ஐயா சாப்பிடவில்லை. "காசு போனால் போகட்டும். நான் பிழையாக் கட்டினனான் எண்டு எழுதிப்போட்டாங்கள். அதை அழிக்கவேணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

மேன்முறையீடு செய்ய வேண்டும். எங்களுக்காகக் கோட்டில் பேசிய அப்புக்காத்து அம்மாவின் சித்தப்பா மகன், எனக்கு மாமா முறை. அவர் கோயில் திருவிழாவைச் செலவு செய்து நடத்தும் உபயகாரர்.

"அத்தான், கொடியேறிட்டுது. நான் விரதம். கொடியிறங்கட்டும், செய்வம்."

"நாள் தவறிப் போகாதோ?"

"நீங்கள் சீமெந்தைப் பாருங்கோ. சட்டத்தை நான் பாக்கிறன்."

வேறு அப்புக்காத்துகள் இல்லாமல் இல்லை. சொந்தக்காரன் இருக்க வெளியாளிடம் போனால் மாமாவுக்கு மரியாதை இல்லை என்று ஐயா பேசாமல் இருந்தார். மாமாவின் மரியாதை அவ்வளவு பெரிய சாமான். தேர் ஓடியது. தீர்த்தம் நடந்தது. மாமா பட்டுச் சால்வையோடு வீதி சுற்றினார். கொடியிறங்கி அவர் பேனையை எடுத்தபோது மேன்முறையீட்டுக்கு அறிவித்தல் கொடுக்கும் தவணை முடிந்திருந்தது. இதில் சுவாமிக்கு ஒரு பங்கும் இல்லை. சுவாமியின் பெயரைச் சொல்லிச் சோம்பி இருந்தவர் மாமா.

"பயப்பிடாதையுங்கோ அத்தான், மீளாய்வு எண்டு ஒண்டு இருக்கு. அப்பீலைவிடக் கெதியா முடியும்" என்றார். அவர் சொன்னபடியே கெதியாகத்தான் முடிந்தது. ஐயா பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிக் கொழும்புக்குப் போனார். ஏன் காலத்துக்குள் மேன்முறையீடு செய்யவில்லை என்று நீதிபதிகள் கேட்டார்களாம். திருவிழா என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. தவிர்க்க முடியாத காரணம் என்றாராம். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"என்ன சொன்னவை?" என்று அம்மா கேட்டா.

"தட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றார் ஐயா.

அடுத்த கிழமை மாமா வந்து, வடையைக் கடித்துக்கொண்டு எங்களுக்குச் சட்டம் படிப்பித்தார். "அக்கா, அப்பீலெண்டால் சாட்சியையும் தீர்ப்பையும் முழுக்கத் திரும்ப நிறுத்துப் பாப்பினம். மீளாய்வெண்டால் கீழ்க்கோட்டிலை பெரிய முறைகேடு ஏதும் நடந்ததோ எண்டு மட்டும்தான். அப்பீலுக்கு வழியிருந்தும் போகாட்டில், அதுக்கு நல்ல காரணம் காட்டவேணும்."

"உதைக் கொடியேறேக்கை சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது, அக்கா" என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஐயாவுக்குப் பெரிய வேலை கிடைக்கவில்லை. வேலை பிழை என்று கோட்டே சொன்ன மேசன் என்று ஊர் கதைத்தது. அப்படிக் கதைத்தவர்களில் சிலர் இன்று பந்தியில் இருப்பீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். ஐயா மதில் கட்டினார், கிணற்றுக்கட்டுப் பூசினார். பிறகு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியாக என்னிடம் கேட்டது, "மாரி மழைக்குத் தட்டிலை எங்கையும் ஒழுக்கோ, பிள்ளை?" என்பதுதான். "இல்லை ஐயா, நான் ஏறிப் பாத்தனான்" என்றேன். உண்மையாகவே ஏறிப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை. அங்கே இருந்தவை மில்காரரின் நெல்மூட்டைகள், ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. ஆள் பாரம் தாங்காத தட்டல்லவா அது.

செத்தவீட்டுக்கு மில்காரரும் வந்தார்.

"அருமையான வேலைகாரன், பிள்ளை. இனி உப்பிடி ஒரு மேசன் கிடைக்கான்."

"அப்ப ஏன் வெடிப்பு எண்டு சத்தியம் செய்தனீங்கள்?"

"உதெல்லாம் கோட்டுக் கதை, பிள்ளை. மனதிலை வைச்சிருக்கக் கூடாது. கல்வெட்டு அடிக்கிற செலவை நான் பாக்கிறன்."

வேண்டாம் என்றேன். பெரிய மனுசரை எதிர்த்துக் கதைக்காதே என்று என் சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தார். இந்தக் கல்வெட்டு அம்மாவின் காப்பை விற்று அடித்தது.

ஐயாவைப் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், எட்டாம் நாள் சடங்குவரை எங்களுக்குச் சோறு தந்த அயலவர்களுக்கும், மில்காரருக்குப் பயப்படாமல் கோட்டில் வந்து உண்மை சொன்ன ஐயாவின் இரண்டு வேலையாட்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். திருவிழாவைச் சிறப்பாக நடத்தியதற்கு அவருக்கும் நன்றி.

அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து சாவகச்சேரிப் பக்கம் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சந்தைக்குக் கிட்ட அந்த மாடி நிற்கிறது. படி பின்பக்கம். ஏறி நின்று பாருங்கள், காலால் உதைத்தும் பாருங்கள். ஆர் அனுப்பினது என்று மில்காரர் கேட்டால், மேசனின் மகள் என்று சொல்லுங்கள்.