பெயர் அறியாத பெண்ணின் பெயர்

மவ்ரோலித்தியின் சதுக்கத்துக்கு லாரியில் வந்திறங்கிய பளிங்குப் பெண்ணைப் பார்த்ததும் லம்ப்ரினிக்கு வந்த முதல் ஆசை, அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் என்பதுதான். அப்படியொரு நேரான முதுகு. தோளில் குண்டுப் பெட்டியை ஏதோ தண்ணீர்க் குடம் போலச் சாய்த்து வைத்துக்கொண்டு, தலைமுடியைக் காற்றில் விரித்துப் போட்டு, மோவாயைத் தூக்கி மலையைப் பார்த்து நின்றாள். காலில் செருப்புகூட இல்லை.

"நாப்பதாம் வருஷ நவம்பர் பனியில வெறுங்கால்! இவ போருக்குப் போனாளா, கடலுக்குக் குளிக்கப் போனாளா?" என்றாள் லம்ப்ரினி, லாரிக்காரனிடம். அவன் அயலூர்க்காரன். சிகரெட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோடையில் ஏதென்ஸிலிருந்து வந்த சிற்பி அவளை இதே சதுக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்திருந்தார். பெட்டியில் கல்லை நிரப்பி, ஆட்டுமயிர்க் கயிற்றை மார்பில் குறுக்காகக் கட்டி, முதுகை வளைத்து நின்றாள். ஐம்பத்தாறு வயதில் இடுப்பு விட்டுப்போனது. அவர் நாற்பது தாளில் வரைந்து தள்ளினார். "அற்புதம், அற்புதம்" என்று வாய் ஓயாமல் சொன்னார். பிறகு ஊருக்குப் போய் எவளோ ஒரு நகரத்துப் பெண்ணைச் செதுக்கி அனுப்பிவிட்டார்.

லம்ப்ரினி பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, அடுப்புக்கு விறகு போடுகிறவள். படிப்பு நாலாம் வகுப்பு. சிற்பக்கலை அவளுக்குத் தெரியாது. ஆனால் குண்டுப் பெட்டி தெரியும். 1940இல் இத்தாலிக்காரன் எல்லை தாண்டி வந்தபோது, பட்டாளத்துக் கழுதைகள் ஏற மறுத்த சரிவில், ஊரிலிருந்து நாற்பத்து மூன்று பெண்கள் குண்டுகளை முதுகில் கட்டி ஏற்றினார்கள். அவளுக்கு அப்போது பதினெட்டு. நிமிர்ந்தால் பெட்டி பின்னால் இழுத்துப் பள்ளத்தில் தள்ளிவிடும். ஆகவே யாரும் நிமிரவில்லை. போகும் வழியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது முன்னால் போகிறவளின் குதிகால் மட்டும்தான்.

முன்னால் போனவள் தனாசேனா. சிவப்புக் கோடு போட்ட கம்பளிக் காலுறை. மூன்றாம் நாள், பனி இறுகிக் கிடந்த ஒரு திருப்பத்தில், அந்தக் குதிகால் லம்ப்ரினியின் கண் முன்னால் வழுக்கியது. கத்தக்கூட இல்லை. உடலைப் பனி உருகிய பிறகுதான் எடுத்தார்கள்.

அதனால்தான் பீடத்தில் செதுக்கியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தபோது அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது: "பிண்டஸ் மலையின் பெயர் அறியாத பெண்ணுக்கு."

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நேராகக் காப்பிக்கடைக்குப் போனாள். பெண்கள் உள்ளே போகிற இடமில்லை அது. சிலைக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஸ்தாத்திஸ், காப்பிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் எதிரே போய் நின்றாள்.

"யாருக்குத் தெரியாதாம் வாத்தியாரே, எங்க பேரு?"

"என்ன ஃபோதேனா, இங்க வந்து நிக்கிறே?"

அவள் புருஷன் பெயர் ஃபோதிஸ். ஃபோதிஸின் பெண்டாட்டி ஃபோதேனா. மவ்ரோலித்தியில் பெண்ணுக்குக் கல்யாணம்வரைதான் சொந்தப் பெயர். தலையில் மணக்கிரீடம் வைத்த மறுநாளிலிருந்து, சாகும்வரை, புருஷன் பெயருக்கு ஒரு வால் ஒட்டிக் கூப்பிடுவார்கள். யாருக்கும் அது குறையாகப் பட்டதில்லை. லம்ப்ரினிக்கும் அன்றுவரை பட்டதில்லை.

"நாப்பத்து மூணு பேர் போனோம். பதினோரு பேர் இன்னும் உசிரோட இருக்கோம். அதுல மூணு பேர் இந்தா, கடைக்கு எதிர்க்கக் கொல்லை கொத்திக்கிட்டு இருக்காளுங்க. பேரு அறியாத பொண்ணாம்! கேட்டா சொல்லமாட்டோமா?"

வாத்தியார் நிதானமானவர். நிதானத்தாலேயே எதிரியைக் கொல்லக்கூடியவர். "அது ஒரு கம்பீரம், அம்மா. பேர் போட்டா ஒருத்தி. பேர் இல்லேன்னா எல்லாரும்."

"வீரனுக்கு மட்டும் பேர் போட்டீங்களே, சர்ச் வாசல்ல? பன்னெண்டு பேர், அப்பன் பேரோட, பொறந்த வருஷத்தோட!"

சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். வாத்தியார் கோப்பையைத் தட்டில் வைத்தார். "சரி. நாப்பத்து மூணு பேருக்குக் கல்லுல இடமில்லை. மலையில செத்தவ ஒருத்திதான். அவ பேரைச் சொல்லு. சனிக்கிழமை திறப்பு விழா. வியாழனுக்குள்ள சொன்னா கொத்தனைக் கூப்பிட்டுச் செதுக்க வைக்கிறேன். என் வாக்கு."

"தனாசேனா," என்றாள் லம்ப்ரினி உடனே.

"அது தனாசிஸோட பேரு. அவ பேரு என்ன?"

அது லம்ப்ரினிக்குத் தெரியாது. எல்லைக்கு அப்பால் உள்ள ஊரிலிருந்து வந்த மருமகள் அவள். செப்டம்பரில் கல்யாணம், நவம்பரில் சாவு. ஊருக்குள் நுழையும்போதே தனாசேனாவாகத்தான் நுழைந்தாள். மூன்று நாள் அவள் குதிகாலைப் பார்த்து நடந்தவள், மலை ஓரத்தில் அவள் ரொட்டியில் பாதியைத் தின்றவள், ஒரு தடவைகூட அவள் பெயரைக் கேட்டதில்லை.

மூலை மேசையில் தனாசிஸே உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது, வெள்ளை மீசை, கையில் இன்னும் சீட்டு. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்க அண்ணே," என்றாள் லம்ப்ரினி.

தனாசிஸ் மீசையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். "நாப்பது நாள் குடித்தனம் பண்ணினேன். அப்புறம் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுட்டான். வீட்டுல நான் 'அடியே'ன்னுதான் கூப்பிடுவேன்." யாரோ ஒருவன் சிரித்தான். "ம-வுல ஆரம்பிக்கும். மரியாவா? மரியா இல்லை. அட, முப்பத்தெட்டு வருஷம் ஆச்சே!"

லம்ப்ரினி அங்கேயே அழுதிருப்பாள். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்ற ஒரே வீம்பில் வெளியே வந்தாள். கட்டின பெண்டாட்டியின் பெயரை மறந்தவன் சாவகாசமாகச் சீட்டை மேசையில் போட்ட சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

மூன்று நாள் அலைந்தாள். பாதிரியார் கையை விரித்தார்: 1943இல் ஜெர்மன்காரன் ஊரைக் கொளுத்தியபோது கல்யாணப் பதிவேடும் சேர்ந்து எரிந்துவிட்டது. அந்தப் பெண் பிறந்த ஊர் அல்பேனியாவுக்குள்; எல்லையில் இப்போது முள்வேலி, கடிதம்கூடப் போகாது. மீதிப் பத்துப் பெண்களிடம் கேட்டாள். பத்துப் பேரும் ஒன்றையே சொன்னார்கள்: "தனாசேனாதானேடி?" ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் லம்ப்ரினிக்கு வாத்தியார் மேல் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மேலேயே திரும்பியது. சிற்பி ஏதென்ஸ்காரன், அவனுக்கு என்ன தெரியும். நாங்கள்?

வியாழன் காலை, வேறு வழியில்லாமல், தனாசிஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து வருடமாக அவள் மிதிக்காத வாசல் அது. தனாசிஸ் இரண்டாவது கட்டியபோது, வந்தவளையும் ஊர் தனாசேனா என்றே கூப்பிட்டது. செத்தவளின் வீடு, செத்தவளின் கட்டில், செத்தவளின் பெயர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டவள் என்று லம்ப்ரினிக்கு அவள் மேல் அன்றிலிருந்து ஒரு கடுப்பு. கிணற்றடியில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

அவள் கீரைப் பிட்டாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். "அவர் இல்லை. கடையில இருக்கார்."

"தெரியும். அந்த ஆளு மூளையைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கான், அவன்கிட்ட எனக்கு வேலையில்லை. அவன் அம்மாவோட பழைய பெட்டி ஏதாவது இருக்கா? ஒரு காகிதம், ஒரு போட்டோ? முதல் பெண்டாட்டி, செத்தாளே, அவ பேரு வேணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"மலாமோ," என்றாள் அவள், மாவிலிருந்து கையெடுக்காமல்.

லம்ப்ரினி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"மாமியார் சாகும்போது சொல்லிட்டுப் போனாங்க. 'அவளுக்குன்னு கோதுமை அவிக்க இங்க யாரும் இல்லை, நீ விட்டுடாதே'ன்னு. செத்தவங்களுக்காகச் சர்ச்சுல பூசை வைக்கிற ஆத்மாக்களோட சனிக்கிழமை வந்தா, அவிச்ச கோதுமையோட பாதிரியார்கிட்டக் குடுக்குற சீட்டுல முதல் பேரா எழுதுவேன். மலாமோ. அதுக்கப்புறம்தான் எங்கம்மா பேரு."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"வருஷத்துக்கு மூணு தடவை. நீயும்தான் அங்க நிப்பே. பாதிரியார் நூறு பேரை மூச்சு விடாமப் படிப்பாரு, யாரு காதுல விழும்."

"மூணு நாளா ஊரெல்லாம் நாய் மாதிரி அலைஞ்சேன்டி! கிணத்தடியில பார்த்தியே, சொல்லக்கூடாதா?"

"நீ என்கிட்டக் கேக்கலையே." கோபமாகச் சொல்லவில்லை. மாவை மடித்து, எண்ணெய் தடவி, மறுபடி தேய்த்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா எதுவுமே கேக்கலையே."

லம்ப்ரினி அடுப்புப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் சுட்டது, நெருப்பால் அல்ல. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்: "உன் பேரு என்ன?"

தேய்க்கிற கை நின்றது. "ஹரிக்லியா."

"நான் லம்ப்ரினி," என்றாள் இவள்.

வாத்தியார் சொன்ன சொல் தவறவில்லை. கொத்தனுக்காகத் தாளில் "மலாமோ, தனாசிஸின் மனைவி" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். லம்ப்ரினி அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, பின்பாதியை அடித்தாள். "மலாமோ போதும். அவனுக்கு வேணும்னா அவன் ஒரு பெட்டியைத் தூக்கட்டும், பாதி வழி வந்தாக்கூட எழுதுங்க." வாத்தியார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சனிக்கிழமை, அக்டோபர் 28, வெயில் அடித்தது. வாத்தியக்குழு, கொடி, பள்ளிப் பிள்ளைகள், மாவட்ட அதிகாரி. துணியை இழுத்தார்கள். நிமிர்ந்த முதுகுக்காரி நின்றாள். முதல் வரியை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குக் கீழேயே கொத்தன் வெட்டியிருந்தான். ஆக, கல்லில் இப்படி இருந்தது: "பிண்டஸ் மலையின் பெயர் அறியாத பெண்ணுக்கு. மலாமோ." அதிகாரி இரண்டு தரம் படித்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் மலையைப் பார்த்தார்.

முன்வரிசையில் தனாசிஸ் தொடையில் தட்டிக்கொண்டார். "ஆமாமா, மலாமோ! ம-வுலதான் ஆரம்பிக்கும்னு சொன்னேனா இல்லையா?" பக்கத்தில் இருந்தவனின் முழங்கையை இடித்தார், சீட்டில் ஜெயித்தவர் போல.

பெண்கள் வரிசையிலிருந்து ஹரிக்லியா வெளியே வந்தாள். லம்ப்ரினி தடுக்கவில்லை, கூடவே இரண்டடி நடந்தாள். ஹரிக்லியா புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"அவ பேரு கிடைச்சிருச்சு. இப்ப என் பேரைச் சொல்லு."

"என்னடி இது, நாலு பேர் முன்னால..."

"சொல்லு."

தனாசிஸ் சுற்றிலும் பார்த்தார். வாத்தியக்காரன் தாரையை வாயிலிருந்து எடுத்துவிட்டான். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் புருஷர்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஃபோதிஸ் தொப்பியைக் கையில் எடுத்து அதன் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஹரிக்லியா," என்றார் தனாசிஸ், மீசைக்குள்ளேயே.

"சத்தமா," என்றாள் அவள். "கல்லுல இருக்கிறவளுக்குக் கேக்கணும்."