ஒன்பது பங்கு கொயினா

எங்கள் கோயிலின் பழைய மணி வெடித்துப்போய், புது மணி வத்தைத் தோணியில் வந்து இறங்கியது ஒரு பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த வருஷத்துக் கதை. எழுத்துத் தெரியாத எனக்கு வருஷங்கள் இப்படித்தான் நினைவில் நிற்கின்றன. அந்த மணியைச் சுமந்த நாலு பேரில் ஒருவன் என் தம்பி. இடுப்பளவு தண்ணீரில் திருக்கை குத்தியும் தோளைக் கொடுத்தபடியே கரையேறினான்.

அடுத்த வருஷம் மழை இல்லை. ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. வெள்ளைக்காரன் காலம், எங்கும் மலேரியாக் காய்ச்சல். முந்தல் பக்கம் சில வீடுகளில் அடுப்பு மூட்டவே ஆளில்லை என்றார்கள். கடலோரக் குடிசைகளான எங்கள் வாடியில் கரைவலை இழுக்கிறவர்கள், என்னையும் தம்பியையும் சேர்த்து, ஒன்பது பேர். எல்லோருக்கும் மாறி மாறி நடுக்கம் வந்தது. எழும்ப முடியாமல் படுத்தவன் தம்பி மட்டும்தான்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா வத்தையில் வருவார். தம்பியின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

"மண்ணீரல் வீங்கியிருக்கு."

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வாய் சும்மா இருக்காதவர். "கரைவலைக்காரண்ட வயித்துல மண்ணும் நீரும் இல்லாம வேற என்ன ஐயா இருக்கும்?" என்றார்.

ஐயாவும் சிரித்தார். மலேரியாவுக்கான கொயினாத் தூள் பொட்டலங்களை எடுத்து வைத்தார். "எங்கட படிப்புல இதுவும் ஒரு உப்புத்தான்."

"உப்பா? அப்ப எங்கட ஆளைக் கருவாடு போடப்போறீங்க!"

பாயில் கிடந்த தம்பி குளிரில் பல் அடித்துக்கொள்ளச் சொன்னான்: "என்னைக் காயப்போட்டா காகம் விரட்ட ஆள் வைங்கடா."

வாடியே சிரித்தது. ஐயா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பதினாலு பொட்டலம். காலைல ஒண்டு, பின்னேரம் ஒண்டு. இவனுக்கு மட்டும். விளங்கிச்சா?"

"ஓம் ஐயா."

எங்கள் கரையில் எது வந்தாலும் பங்குதான். மீன் என்றாலும் பங்கு, அலை ஒதுக்கிய பலகை என்றாலும் பங்கு. ஒருவன் முதுகைக் காட்டி நிற்பான். பின்னால் ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். நிற்கிறவன் ஓர் ஆளைச் சொல்வான். கள்ளம் வராது, சண்டை வராது. நோயாளி என்று எவனுக்கும் பங்கைக் குறைத்ததில்லை, கூட்டியதுமில்லை.

ஐயாவின் வத்தை மறைந்ததும் சம்மாட்டியார், "எல்லாருக்கும்தானே காய்ச்சல்" என்றார். எனக்கும் அன்று உடம்பு உதறியது. நான் தம்பியைப் பார்த்தேன்.

"பிரிங்கண்ணே. நான் மட்டும் திண்டா நல்லாவா இருக்கும்?"

பொட்டலங்களைப் பிரித்துத் தூளை ஒரு பலகையில் கொட்டி ஒன்பது குவியலாக வகுத்தார்கள். கடலைப் பார்த்து முதுகைக் காட்டி நின்றவன் நான். தம்பியை ஐந்தாவதாகச் சொன்னேன். என் பங்கை நானும் விழுங்கினேன்.

இரண்டு நாள் அவனுக்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி கேட்டான், பாண் கேட்டான். மூன்றாம் நாள் திரும்பிய காய்ச்சல் விடவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம், நாங்கள் வலை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், போய்விட்டான்.

ஐயா மறுபடி வந்தபோது கேட்டார். "முழுக்கக் குடுத்தியா?"

மற்ற ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஓம் ஐயா, முழுக்கத்தான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நோய் மருந்துக்குக் கேக்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்தான் ஊரில் நின்றது. தம்பியின் மகள் அப்போது தவழ்கிற பிள்ளை. அப்பாவை மருந்து காப்பாற்றவில்லை என்று கேட்டே வளர்ந்தாள். பின்னாளில் அவளுக்கு நோய் வந்தபோது, ஆஸ்பத்திரிக் குளிசையைத் தொடமாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்து செத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவளுடைய பிள்ளைகள் பாலாவியில் இருக்கிறார்கள். இரண்டு தரம் போனேன். தேத்தண்ணி தந்தார்கள், குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இனிச் சொல்லி எவரும் எழும்பி வரப்போவதில்லை, தெரியும். இருந்தாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: மருந்து முழுதாக அவனுக்குப் போகவே இல்லை, அவர்கள் அம்மாவின் பெரியப்பா பொய் சொன்னார் என்று.