காலி வண்டியில் அளந்த பம்பர்

1991 டிசம்பர், மழை விட்ட ஒன்பதாம் நாள். காலை 6.30க்குத் தாம்பரத்திலிருந்து எங்கள் ஜீப் கிளம்பியபோது கிலோமீட்டர் கணக்கின் கடைசி மூன்று எண்கள் 204. அன்று வழக்கமான வேலையோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஒரகடத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஜீப்புக்கான பின்பக்க பம்பர் ஒன்று தயாராகக் கிடந்தது. அது எங்கள் வண்டிக்கு ஆகுமா, ஆகாதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் நீயே முடிவு செய், என்னைக் கேட்காதே" என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதத்தில் அவர் என்னிடம் விட்ட முதல் முடிவு அது.

எங்கள் தொழில் மண் பரிசோதனை. ஓரிடத்தில் தொழிற்சாலை கட்டுவதற்கு முன்னால் பூமியைத் துளைத்து, எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் பாறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் அந்த வருடம் நிலம் பார்க்க வருகிறவர்கள் அதிகம். அவர்கள் காரில் வந்து சாலையிலேயே நின்று கை நீட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். கை நீட்டிய இடத்துக்கு வரப்பு, ஓடை, ஏரிக்கரை எல்லாம் தாண்டிப் போவது நாங்கள். அதற்குத்தான் ஜீப். பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் போட்ட பழைய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும்.

ஓட்டுநர் தேவராஜண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். பின்னால் வருகிறவர்கள் இருவர், ஏழுமலையும் அவன் மச்சான் கன்னியப்பனும். துளை போடுவது இவர்கள்தான். துளைக்கும் ராடுகள் ஐந்தடி நீளத்தில் பன்னிரண்டு. அவற்றோடு, துளைக்குமேல் நிறுத்தும் முக்காலியின் மூன்று கால்களும் சேர்ந்து ஜீப்புக்குள்ளே தரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே இருவரும் பின்கதவை இறக்கிவிட்டு அதன்மேல் உட்கார்ந்து, காலை வெளியே தொங்கவிட்டபடி வருவார்கள். எத்தனையோ மாதங்களாக அப்படித்தான்.

பம்பர் வேண்டும் என்று கேட்டது ஏழுமலை. போன மாதம் படப்பைக்கு இப்பால் ஒரு மாட்டுவண்டிக்காக நாங்கள் நின்றபோது, பின்னால் வந்த மணல் லாரி முழுக்க நிற்காமல் வந்து முட்டியது. அவன் காலை மேலே இழுத்துக்கொண்டான். பின்கதவு நசுங்கியது.

"அடுத்த வாட்டி கதவு நசுங்காது சார், காலு நசுங்கும்" என்றான் அன்று காலையிலும். "வூட்டுல சொல்லிட்டா. ஒண்ணு வண்டிக்கு பம்பர் போடணும், இல்லாட்டி செங்கல் சூளைக்குப் போவணும்னு."

"சூளைல கால வுட்டா நசுங்காது மாமா, வெந்துரும்" என்றான் கன்னியப்பன்.

ஏழுமலை சிரிக்கவில்லை. அவனைப் போல ராடின் அதிர்வைக் கையில் பிடித்தே பாறை வந்ததைச் சொல்லும் ஆள் எங்களிடம் வேறு கிடையாது.

காலை 7.10, படப்பை. 218. மணிமங்கலம் சாலை வலப்பக்கம் பிரிந்து பின்னால் போய்விட்டது. சாலையின் இருபக்கமும் வயல்களில் தண்ணீர் நின்றது. தேநீர் முக்கால் ரூபாய். கடையின் முன்னால் கயிற்றில் லாட்டரிச் சீட்டுகள் தொங்கின.

"இன்னா, காலைலயே கூட்டமா?" என்றார் கடைக்காரர்.

"ஒரகடத்துல பம்பர் பாக்கப் போறோம்" என்றார் தேவராஜண்ணன்.

"யாருக்கு அடிச்சிது? எந்த ஸ்டேட்டு?"

"வண்டிக்கு, நைனா. பின்னால மாட்டற பம்பரு."

"வண்டிக்கு அடிச்சா எனக்கு இன்னா? மூணு ரூபா எடு."

காலை 7.50, ஒரகடம். 228. கூட்டுச் சாலையில் நாலைந்து கடைகள், ஒரு சைக்கிள் கடை, அதை ஒட்டி ஆரோக்கியம் மேஸ்திரியின் பட்டறை. பம்பர் வேப்பமரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆறங்குல இரும்புச் சேனல், ஐந்தடி நீளம், இரண்டு முனையிலும் கனத்த பைப் வளைத்து ஏற்றியது, நடுவில் இழுவைக் கொக்கி, மேலே கறுப்புப் பெயின்ட். தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தன் ஜீப்புக்குச் சொல்லிச் செய்யவைத்துவிட்டு, ஜீப்பையே விற்றுவிட்டாராம். விலை பூட்டுக் கூலியோடு தொள்ளாயிரம்.

"யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் சேதம்" என்றார் மேஸ்திரி.

நான் வரிசையாகப் பார்த்தேன். இப்படி ஒன்று வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். முதலில், எதில் பூட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாடித் தகட்டில் பூட்டினால் முட்டும்போது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். சேஸில் பூட்ட வேண்டும். மேஸ்திரி சேஸ் முனைக்குத்தான் துளை போட்டிருந்தார். அடுத்தது பின்கதவு. இறக்கும்போது அது பம்பரில் இடிக்கக்கூடாது. இரண்டு விரல் இடைவெளி இருந்தது. எடையும் பார்க்க வேண்டும். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள்.

கடைசியாக நான் முக்கியம் என்று நினைத்தது உயரம். வடக்குப்பட்டில் நாங்கள் துளை போடும் இடத்துக்குப் போக ஒரு ஏரிக் கால்வாயில் இறங்கி ஏற வேண்டும். அதன் கரைச்சரிவை முந்தின வாரமே அளந்து நோட்டில் குறித்திருந்தேன்: 24 டிகிரி. வண்டி சரிவை விட்டுச் சமதளத்துக்கு வரும்போது வால் கரையில் உரசக்கூடாது என்றால், பின் டயரின் அடியிலிருந்து பம்பரின் கீழ் விளிம்புக்குப் போகும் கோடு அந்த 24ஐ விடச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

பம்பரைத் தற்காலிகமாக நான்கு போல்ட்டில் பூட்டினார்கள். டயருக்கும் பம்பருக்கும் நூல் பிடித்து, டிப்ளமோ படித்தபோது வாங்கிய ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

"இன்னா சார், வண்டிக்கே பரீட்ச வெக்கிறீங்க?" என்றார் தேவராஜண்ணன்.

"பாஸா ஃபெயிலா?" என்றார் மேஸ்திரி.

29 டிகிரி. தரையிலிருந்து கீழ் விளிம்பு பதினாறு அங்குலம். ஐந்து டிகிரி மிச்சம். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கற்ற ஒன்று இப்படி இரும்பின்மேல் நேராகப் போய் உட்கார்ந்தது அதுவரை நடந்ததில்லை.

"வெல்டு வெச்சிடட்டா?"

"ஒரு தடவை கால்வாய்க்குப் போய் வந்துவிடுகிறேன் மேஸ்திரி."

"போய்ட்டு வாங்க. புதுப் பொண்ணு, பாத்து இட்டுக்கினு போங்க."

பூட்டுவதற்காக இறக்கி வைத்திருந்த ராடுகளையும் முக்காலியையும் திரும்ப ஏற்றினோம். ஏழுமலையும் கன்னியப்பனும் பின்கதவில் ஏறிக் குந்தினார்கள். ஏழுமலை இரண்டு காலையும் பம்பர்மேல் ஊன்றி, தட்டிப் பார்த்தான். "இப்பதான் சார் சோக்கா கீது."

காலை 9.40, ஒரகடம் பேருந்து நிறுத்தம். வடக்குப்பட்டுப் பேருந்து வரவில்லை. மூன்று பேர் காத்திருந்தார்கள். இதற்கு முன்பு எத்தனையோ நாள் அவர்களைப் போன்றவர்களைக் கடந்து போயிருக்கிறோம். யாரும் கை காட்டியதுகூட இல்லை. அன்று ஜீப் மெதுவானதும் மூவரும் ஓடி வந்து பம்பர்மேல் ஏறி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"படி வெச்சிட்டீங்களா சார்? நல்ல காரியம்!" என்றார் அவர்களில் வேட்டிக்காரர்.

அது படி அல்ல, பம்பர் என்று சொல்ல நான் திரும்பினேன். தேவராஜண்ணன் தாழ்ந்த குரலில், "வுடுங்க சார். இவரு நெலத்து வழியாத்தான் நாம போறோம். இங்க எறங்குன்னு சொன்னா, அங்க போவாதன்னு சொல்லுவாரு" என்றார். நியாயம்தான். விட்டேன்.

காலை 10.05, வடக்குப்பட்டு கால்வாய். 232. கரை ஈரமாக இருந்தது. அடித்தளம் சமமான மணல், பதினைந்தடி அகலம், கணுக்கால் அளவுத் தண்ணீர். தேவராஜண்ணன் சின்ன கியர் போட்டு இறக்கினார். முன் சக்கரங்கள் மணலைத் தொட்டன. பின் சக்கரங்கள் அடிக்கு வரும் நேரத்தில் டங்கென்று ஒரு சத்தம்; வண்டி நின்றது. பம்பர் மண்வெட்டி போலக் கரையில் செருகிக்கொண்டு வாலைத் தூக்கிப் பிடித்திருந்தது. பின் சக்கரங்கள் சும்மா சுற்றின. முன் சக்கரங்கள் மணலைப் பறித்தன.

"ஐயோ, காலு!" என்று ஒரு குரல்.

குதித்து ஓடினேன். மூலையில் நின்ற வேட்டிக்காரரின் வலது குதிகால் இரும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. காலை உருவிக்கொண்டார். செருப்பு இரும்புக்கும் கரைக்கும் நடுவே போய்விட்டது.

"கால் இருக்கில்ல?" என்றார் தேவராஜண்ணன்.

"காலு கீதுயா. செருப்பு தீவாளிக்கு வாங்கனது!"

கன்னியப்பன் சிரித்தான். ஏழுமலை சிரிக்கவில்லை. அவன் பின்கதவில் உட்கார்ந்தபடியே, தன் இரண்டு பாதங்களும் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் பம்பர்மேல் இருந்தன. நானும் பார்த்தேன். லாரி எங்கே முட்ட வேண்டும் என்று இந்த இரும்பை வாங்க வந்தோமோ, சரியாக அங்கே.

எல்லோரையும் இறக்கி, மண்ணை வெட்டி வண்டியை விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு போல்ட் வளைந்திருந்தது. செருப்பு முழுதாகவே கிடைத்தது. வண்டி சமதளத்துக்கு வந்ததும் எல்லோரையும் காலையில் இருந்தபடியே ஏறச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். கோணமானியை எடுத்தேன். கீழ் விளிம்பு பன்னிரண்டு அங்குலத்துக்கு இறங்கியிருந்தது. கோணம் 22 டிகிரி. கரை 24.

"காலைல நாங்க எறங்கி நின்னப்ப அளந்தீங்க சார்" என்றான் ஏழுமலை. "காலி வண்டி எங்கயாச்சும் வேலைக்கு வருமா?"

"பின்பாரம் சார்" என்றார் தேவராஜண்ணன். "வாலு தொங்கிப்போச்சு."

பின்பாரம் என்ற சொல்லை நான் கோணம் என்ற சொல்லுக்கு முன்பே அறிவேன். செய்யாற்றுப் பக்கம் என் அப்பா வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரகடத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று தெரியவில்லை.

அன்றைய துளை பதினெட்டு அடி போனது. மதியம் ஒரு மணிக்கு எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது ஏழுமலையிடம் கேட்டேன்: "பம்பர் இல்லையென்றால் சூளைக்குத்தான் போவாயா?"

அவன் சோற்றை உருட்டிக்கொண்டே, "பம்பரு இருந்தா மட்டும் இன்னா சார்? கால எங்க வெக்கிறது? கீழ தொங்கவுட்டா பம்பருக்குப் பின்னால தொங்கும். மேல வெச்சா பம்பரு மேல கீது. உள்ள வெக்கலாம்னா ராடு கீது" என்றான்.

கை கழுவும் வரையில் அந்தக் கடைசி வாக்கியம் என் காதிலேயே இருந்தது. ராடு கீது. அவர்கள் பின்கதவில் உட்காருவதற்குக் காரணம் ராடு. அந்த ராடுக்கு வேறு இடம் உண்டா என்று ஒரு நாளும் நான் அளந்து பார்க்கவில்லை.

மாலை 3.30, மறுபடி பட்டறை. இந்த முறை வெளியே யாரும் ஏறாமலிருக்க வேறு பாதையில் சுற்றி வந்தோம்.

"வெல்டிங்கா?" என்றார் மேஸ்திரி.

"வேண்டாம் மேஸ்திரி. கழற்றிவிடுங்கள்."

"நல்ல இரும்பு சார். ஆவாதுன்றீங்களே."

"இரும்பு நல்ல இரும்புதான். பூட்டியதும் சரிதான். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்குப் போடுங்கள், நன்றாக இருக்கும். எங்கள் வண்டி இறங்கும். அதோடு உங்கள் பம்பரைப் பார்த்தால் ஊரே படி என்கிறது."

"படின்னா என் மேல தப்பா?"

"இல்லை. எனக்கு வேறு ஒன்று செய்து கொடுங்கள்."

தரையில் கரியால் படம் போட்டேன். ஜீப்பின் இடப்பக்கத்தில் வெளியே, கூரைக் கம்பிக்குக் கீழே, இரண்டு கொக்கிகள். சேஸிலிருந்து ஏறும் இரண்டு பைப்பில் அவை நிற்க வேண்டும். பன்னிரண்டு ராடும் முக்காலிக் கால்களும் அதில் படுக்க வேண்டும். மேலே ஒரு தாழ்ப்பாள். மேஸ்திரி பார்த்தார். முன்னும் பின்னும் துருத்தக்கூடாது என்பதற்காகக் கொக்கிகளின் இடத்தை ஒரு சாண் மாற்றிவிட்டார். அது நான் போட்டதைவிடச் சரி. முந்நூற்று அறுபது ரூபாய் என்றார். ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். இந்தத் தடவை ராடுகளை ஏற்றி, இருவரையும் உள்ளே உட்காரவைத்த பிறகே வண்டி எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். இடப்பக்கம் ஒரு விரல் சாய்ந்தது. தேவராஜண்ணன் உள்ளே கிடந்த கனமான கருவிகளை வலப்பக்கத்துக்கு மாற்றினார்.

மாலை 5.15க்குக் கிளம்பினோம். பின்கதவு ஏற்றிச் சாத்தியிருந்தது. அந்த வண்டியில் அது சாத்தி நான் பார்த்தது அன்றுதான். படப்பையில் அதே கடை.

"பம்பர் அடிச்சிதா?" என்றார் கடைக்காரர்.

"அடிக்கலை."

"எனக்கும்தான். இருபது வருசமா."

உள்ளே ஏழுமலை காலை நீட்டமுடியாமல் மடக்கி உட்கார்ந்து, காற்றே வரவில்லை, பீடி பிடிக்கவும் வழியில்லை என்று திட்டிக்கொண்டு வந்தான். தாம்பரத்தில் இறங்கும்போது இரண்டு முழங்காலையும் தேய்த்துவிட்டு, "நாளைக்கு ஆறரைதானே?" என்று கேட்டான். கிலோமீட்டர் 263.

எங்கள் ஊரில் வைக்கோல் ஏற்றினால் அப்பா உடனே மாட்டைப் பூட்டமாட்டார். பாரம் முழுவதும் ஏறிக் கயிறும் கட்டிய பிறகு, முன்னால் வந்து நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழும்பினால் பின்பாரம். கயிற்றை அவிழ்த்து மறுபடி ஏற்றுவார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கோணமானியை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அது தவறாக எதையும் காட்டவில்லை. ஆனால் அப்பா காலி வண்டியின் நுகத்தைத் தூக்கிப் பார்த்து நான் கண்டதில்லை.