கேர் ஆஃப் மாப்பிள்ளை

அப்பா எங்களோடு இருக்க வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அம்மா போன பிறகு ஈரோட்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கிரீன் கார்டோடு வந்து இறங்கியவர். ஆனால் இங்கே கேட்டி என்கிற இந்த ஊரில் யார் கேட்டாலும் "சும்மா வந்திருக்கறனுங்" என்பார். கோயிலில் பார்க்கிற அங்கிள்கள் எப்போது திரும்பப் போகிறீர்கள் என்றால், பார்க்கலாமுங்க என்று ஒரு சிரிப்பு. வீட்டைப் பற்றிப் பேச நேர்ந்தால் "மாப்ள ஊடு" என்பார். அந்த வீட்டுக்குப் பாதிக் கடன் என் சம்பளத்தில்தான் போகிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் அம்மிணி, அப்படித்தான் சொல்லோணும்" என்றார்.

ஊரிலிருந்து கொண்டு வந்த பிரஷர் மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. இங்கே டாக்டர் எழுதித் தராமல் அதை வாங்க முடியாது. டாக்டரைப் பார்க்க முதலில் ஏதாவது ஒரு கிளினிக்கில் நோயாளியாகப் பதிய வேண்டும். புதியவர்களைச் சேர்க்கிற கிளினிக்காகத் தேடி, போனில் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஒருவழியாக ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். டோனட் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கிளினிக். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், ஊர் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அடங்கிய ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு கத்தைப் படிவங்களைக் கொடுத்தாள். நான் நிரப்புகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. மின்வாரிய ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவர். அவர் படிவத்தை இன்னொருவர் தொட விடமாட்டார். விலாசம் என்ற இடத்தில் முதல் காரியமாக கேர் ஆஃப் என்று எழுதி, பக்கத்தில் என் கணவரின் முழுப்பெயரையும் எழுதினார். அதற்குப் பிறகுதான் கதவு எண், தெரு எல்லாம்.

எதற்கு இது என்று கேட்டேன். இங்கே யாரும் இப்படி எழுதுவதில்லை, இது நீங்கள் இருக்கிற வீடு, நேராக எழுதுங்கள் என்றேன்.

"பொண்ணு ஊட்ல குடியிருக்கறேன்னு எழுதிக் குடுத்தா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

அந்த நாலு பேர் யார் என்று சுற்றிப் பார்த்தேன். மூக்கு ஒழுகுகிற ஒரு குழந்தை, அதன் அம்மா, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கும் ஒருவர், ஒரு மீன்தொட்டி. இவர்களில் யார் அப்பாவைப் பற்றி நினைக்கப் போகிறார்கள்?

அடுத்த பக்கத்தில்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது, உடம்பைப் பற்றி யாரிடம் பேசலாம் என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் தம்பியின் பெயரை எழுதினார். தம்பி இருப்பது கலிஃபோர்னியாவில். அதோடு, அப்பாவிடம் இருப்பது ஊர் நம்பர் மட்டும் என்பதால், அவருடைய சொந்த நம்பர் கேட்ட இடத்திலும் தம்பி நம்பரையே போட்டார்.

"ஏனுங்கப்பா, உங்களுக்கு ஒண்ணுன்னா அவன் ஃபிளைட் புடிச்சுல்ல வரோணும்?"

"பையன் இருக்கறப்ப பொண்ணு பேர எழுதறது மொறையில்ல அம்மிணி."

காலையில் இட்லி ஊற்றுவது நான், வேட்டிக்கு நீலம் தேடி நாலு கடை ஏறி இறங்கியது நான். காகிதத்தில் மட்டும் நான் யாரோ. இது மனதில் தைத்தது. தைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

படிவத்தை வாங்கிக் கணினியில் ஏற்றிய பெண் கேர் ஆஃப் வரியைப் பார்த்து விழித்தாள். அது வீட்டுக்காரர் பெயர் என்றேன். எங்கே போடுவதென்று தெரியாமல், அபார்ட்மென்ட் எண் கேட்கிற கட்டத்தில் என் கணவரின் பெயரைத் தட்டிவிட்டாள். இங்கேயே வசிக்கிறீர்களா, வந்து போகிறவரா என்று அப்பாவிடம் கேட்டாள்.

"விசிட்டிங்," என்றார் அப்பா, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டர் பொறுமையானவர். பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். அப்பா ராகிக் களி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். தினமும் இரண்டு இளநீர் குடிப்பதைச் சொல்லவில்லை. இந்தியன் கடையில் பெட்டியோடு வாங்கி வைத்திருக்கிறேன், எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. இளநீரை நாங்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மறுநாள் எனக்கு வீட்டிலிருந்து வேலை. அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வந்து ஒரு இளநீரை வெட்டச் சொன்னார், வெட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் எங்கள் குடியிருப்புக் குளத்தைச் சுற்றி நடக்கக் கிளம்பினார். அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, அப்பா எங்க? உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போ."

ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறதாம். இதயத் துடிப்பே தடுமாறலாம், தாமதிக்கக் கூடாது என்றார்களாம். கிளினிக்கிலிருந்து மதியத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். தம்பி மீட்டிங் மேல் மீட்டிங்கில் இருந்திருக்கிறான். தெரியாத நம்பர் என்று எடுக்கவில்லை. சாயங்காலம்தான் வாய்ஸ்மெயிலைக் கேட்டிருக்கிறான். அந்த நேரமெல்லாம் அப்பா அடுத்த அறையில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் அவருக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் போன் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும், அதனால் வெளியே போகும்போது எடுத்துப் போக மாட்டார். காரை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றினேன். மறுகரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகத் தலை சுற்றுகிறது, அதான் உட்கார்ந்தேன் என்றார். காரில் ஏற்றினேன். வழி நெடுக நான் திட்டிக்கொண்டே போனேன். அவரை, தம்பியை, கிளினிக்கை, என்னை.

எமர்ஜென்சியில் உடனே படுக்க வைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் வைத்த மேஜையில் கணினியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து, முதலிலிருந்து எல்லாக் கேள்விகளையும் ஆரம்பித்தார். இங்கே வசிக்கிறீர்களா, வந்து போகிறவரா?

நான் வாயைத் திறக்கவில்லை. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். அவர் வாயால் என்ன வருகிறதென்று பார்க்க வேண்டியிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம், மகளோடு வசிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். யாரைத் தொடர்புகொள்ளலாம் என்றதும் என் பெயரைச் சொன்னார். நம்பர் கேட்டபோது திகைத்துப் போனார். தம்பி நம்பர் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். என்னுடையது தெரியாது.

"உன்ற நெம்பர் என்ன அம்மிணி?"

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, பழைய ஆபீஸ் குரலில், அந்த ஆளுக்கு எடுத்துச் சொன்னார். நான் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாத்திரை, இளநீர் இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றுமாம்; மாத்திரையை மாற்றினார்கள், இளநீரை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த பெட்டியை என் கணவர் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் பழைய கிளினிக்குக்குப் போனபோது நான் சொல்லாமலே அப்பா புதுப் படிவம் கேட்டு வாங்கி, இரண்டு கேள்விக்கும் என் பெயரை முதலில் எழுதினார். தம்பி பெயர் அதற்குக் கீழே இருந்தது. எனக்கு வருத்தமாக இருந்துவிடக் கூடாது என்பதுபோல் அதை என்னிடம் காட்டினார்.

வரவேற்புப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, அபார்ட்மென்ட் கட்டத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதே, அது சரிதானா என்று கேட்டாள்.

"என்ன கேக்குது அந்தப் புள்ள?"

சொன்னேன். அப்பா சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டார்.

"அத எடுத்தறச் சொல்லு. நம்மூட்டுக் கதவு நெம்பர் மட்டும் இருந்தாப் போதும்."