பாட்டில் போகாத மூலை

ஜெரூஷாவுக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. செம்பாக்கத்து வீட்டின் ஷோகேஸில் ஒரு பொம்மை உடைந்தால் மறுநாளே இன்னொன்று வந்துவிடும். பேச்சு நின்றுபோனால் வெயிலைப் பற்றியாவது பேசுவாள். சிறுசேரியில் அவள் பார்க்கும் வேலையும் திரையை நிரப்புவதுதான்: காற்றும் தண்ணீரும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று அம்புக்குறிகளால் வரைந்து காட்டுவாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் குடியிருப்போர் சங்கத்தார் ஏரித் தண்ணீர் ஓடும் விதத்தைப் படமாகக் கேட்டார்கள். இடத்தையும் ஆழத்தையும் விடாமல் பதிவு செய்யும் கருவியைப் பாட்டிலில் அடைத்து, அங்கங்கே நின்று ஏரியில் விட்டாள். அது சுழன்று, அமிழ்ந்து, எழுந்து போன பாதைகள் திரையில் முப்பரிமாண வளைகோடுகளாக வந்தன. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் பாட்டில் போன திசையில் ஓர் அம்பு. அதுவரை எல்லாம் சரி.

தெற்கு மூலைக்குப் பாட்டில் போகவே இல்லை. ஆகாயத்தாமரை மறித்துக்கொண்டது. படத்தில் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்தாளா? பக்கத்து அம்புகளைப் பார்த்து, அங்கேயும் தண்ணீர் மதகுப் பக்கம் ஓடுவதாக நீல அம்புகளை இழுத்துவிட்டாள். சங்கத்தார் கைதட்டினார்கள்; படத்தை ஏரியைச் சுற்றியிருந்த எல்லார் போனுக்கும் அனுப்பினார்கள். அந்த மூலையைத் தூர்வார வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள்.

அவள் வீட்டில் வேலை செய்யும் கங்கம்மா அந்த மூலைக் கரையை ஒட்டிய தெருவில்தான் குடியிருந்தாள். பெருமழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் ஏறியது. கேட்டதிலிருந்து குற்ற உணர்ச்சி ஜெரூஷாவைப் பிடுங்கித் தின்றது.

தண்ணீர் வடிந்து கங்கம்மா வேலைக்கு வந்ததும், "முன்னாடியே இங்க வந்திருக்கலாமே, கங்கம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் மூட்டை கட்டிக்கினு போனாங்கக்கா. நான்தான் போவல. உங்க படம் போன்ல கீதே, அதுல எங்க பக்கம் தண்ணி வெளிய போவுது. அக்கா பாக்காம போடுவாங்களான்னு இருந்துட்டேன்."

"நான் பாக்கல, கங்கம்மா. அந்த மூலையில இருக்கிற அம்பெல்லாம் நானா போட்டது."

கங்கம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"எதிர்வூட்டு புஷ்பம் கெளம்பிட்டா. அவள நான்தான் இந்தப் படத்த காட்டி நிறுத்துனேன். அவ தையல் மெஷினு, துணி எல்லாம் போச்சு. இப்போ அவகிட்ட நான் இன்னா சொல்ல?"

"நான் வந்து சொல்றேன்."

இருவரும் கிளம்பினார்கள். சேறு காயாத தெருவில் கங்கம்மா முன்னால் நடந்தாள். போகும் வழியெல்லாம் ஏதாவது பேசுகிற ஜெரூஷா, அன்று வாயைத் திறக்கவில்லை.